மீதியை வெள்ளித்திரையில் காண்க

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

உங்களில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். டூரிங் டாக்கீஸில் படம் மாற்றுகிற அன்று காலையில் ஊருக்குள் ஒரு மாட்டு வண்டி வரும். வண்டியின் இரண்டு பக்கமும் தட்டி கட்டி போஸ்டர் ஒட்டியிருக்கும். முன்னால் ஒருவர் கொட்டு அடித்துக்கொண்டு நடப்பார். உள்ளே இருப்பவர் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு படத்தின் பேர், நடிகர் பேர், எத்தனை சண்டை, எத்தனை பாட்டு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கை நிறைய நோட்டீஸை அள்ளி வீசுவார். மஞ்சள், பச்சை, ரோஸ் கலரில் மெல்லிசான தாள். ஒரு பக்கம்தான் அச்சு. மறுபக்கம் வெறுமையாக இருக்கும். எங்கள் காலத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் கணக்குப் போட்டுப் பார்த்தது அந்த வெற்றுப் பக்கத்தில்தான்.

தியேட்டர் வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்திலும் கதைச் சுருக்கம் இருக்கும். "அந்தப் பெண்ணைக் கொன்றது யார்? பங்களாவில் கேட்ட சிரிப்பு யாருடையது?" என்று வரிசையாகக் கேள்வி கேட்டுவிட்டு, கடைசியில் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்துவிடுவார்கள். நான் இதை மாணவர்களுக்குச் சொல்வதுண்டு: தமிழில் முதல் டிரெய்லர் எடுத்தவர் கேமராக்காரர் இல்லை, அந்த நோட்டீஸை எழுதிய அச்சகத்துக்காரர். எவ்வளவு சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு வருகிற பல டிரெய்லர்களைப் பார்த்தால் படத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. முழுக் கதையையும் இரண்டரை நிமிடத்தில் கொட்டிவிடுகிறார்கள்.

'டிரெய்லர்' என்ற பேருக்கே ஒரு கதை உண்டு. டிரெய்லர் என்றால் பின்னால் இழுபட்டு வருவது. நம் டிராக்டருக்குப் பின்னால் வருகிறதே, அதே டிரெய்லர்தான். அமெரிக்காவில் முதலில் இதைப் படம் முடிந்த பிறகுதான் போட்டார்கள். 1913-இல் நியூயார்க்கில் மார்கஸ் லோ என்பவரின் தியேட்டர்களுக்கு விளம்பரம் பார்த்த நில்ஸ் கிரான்லுண்ட், ஒரு மேடை நாடகத்தின் ஒத்திகையைப் படம் பிடித்துக் காட்டியதைத்தான் முதல் டிரெய்லர் என்று சொல்கிறார்கள். படம் முடிந்ததும் சனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பது தெரிந்த பிறகு முன்னால் கொண்டுவந்தார்கள். பேர் மட்டும் மாறவில்லை.

பயப் படத்துக்கு எடுத்த டிரெய்லர்களில் நான் மிகவும் ரசித்தது ஹிட்ச்காக் 1960-இல் 'சைக்கோ'வுக்கு எடுத்தது. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். அந்தக் குண்டு மனிதரே வந்து, வீடு விற்கும் தரகர் மாதிரி அந்த விடுதியைச் சுற்றிக் காட்டுவார். இங்கேதான் படிக்கட்டு, இங்கேதான் அது நடந்தது என்று பாதியில் நிறுத்தி, முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். கடைசியில் குளியலறைத் திரையைச் சட்டென்று விலக்குவார், ஒரு அலறல், அவ்வளவுதான். படத்தின் காட்சி அதில் ஒன்றுகூடக் கிடையாது. நம் ரோஸ் கலர் நோட்டீஸ்காரருக்கு அவர் ஒன்றுவிட்ட அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், என் தங்கை பேத்தி விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்கும் உடன் படிக்கும் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு புராஜெக்ட். எடுக்காத பேய்ப் படம் ஒன்றுக்கு இரண்டு நிமிட டிரெய்லர் எடுக்க வேண்டும். கேமராவைத் தூக்கிக்கொண்டு உடனே ஓடிவிட முடியாது. முதலில் ஆராய்ச்சி, பிறகு திட்டம், ஷாட் ஷாட்டாகப் படம் வரைந்து ஸ்டோரிபோர்டு, அதற்கு மதிப்பெண், பிறகுதான் படப்பிடிப்பு. யார் பார்ப்பார்கள், எதற்குப் பயப்படுவார்கள் என்று கூகுள் ஃபார்மில் கேள்வி அனுப்பி விடை வாங்கியிருந்தார்கள். எனக்கு அந்த முறை ரொம்பப் பிடித்துவிட்டது. பாடத் திட்டம் எழுதாமல் வகுப்புக்குள் போகக் கூடாது என்று பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொன்னது இதைத்தான்.

"தாத்தா, நம்ம பக்கத்துல பேய்க்கத ஏதாச்சும் சொல்லுங்க, ரிசர்ச்னு போட்டுக்கிறோம்" என்றாள்.

பேய்க்கதைக்கு முன்னால் பேய்ப் படத்தின் கதையைச் சொல்கிறேன் என்று உட்கார வைத்தேன். உங்களுக்கும் அதைத்தான் எழுதுகிறேன்.

நான் பார்த்து வளர்ந்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பேய் நிஜமாக இருப்பது அபூர்வம். ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' 1963-இல் வந்தது. அது மறுபிறவிக் கதை. நூறு வயது தாண்டிய ஜமீன்தாராக நம்பியார் வருவார். அந்த முகத்தைப் பார்த்து அலறாத பிள்ளை கிடையாது. ஆனால் அவர் மனிதர், பேய் இல்லை. 1966-இல் 'யார் நீ?' வந்தது. ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்தது. இந்தியில் வந்த 'வோ கௌன் தீ'யின் தமிழ். வெள்ளைச் சேலை, மழை, இருட்டு, எங்கிருந்தோ ஒரு பாட்டு. கடைசியில் பார்த்தால் எல்லாம் சொத்துக்காகச் செய்த சதி! டார்ச் அடித்துப் பார்த்தால் பேய்க்குப் பின்னால் ஒரு சித்தப்பனோ பங்காளியோ நிற்பான். எனக்கு அந்தக் காலத்துப் படங்களின் மேல் மரியாதை வந்ததே இதனால்தான். பயத்தையும் காட்டி, பயப்படுத்தியவன் யார் என்பதையும் காட்டிவிடுவார்கள். பேய் நிஜமாகவே வந்து உடம்பில் ஏறுவது பிறகு 1978-இல் 'ஆயிரம் ஜென்மங்கள்' மாதிரிப் படங்களில்.

அதே 1978-இல்தான் நம் மண்ணின் மைந்தர்கள் இரண்டு பேர் பட்டணத்துச் சனங்களைத் தூங்க விடாமல் செய்தார்கள். அல்லிநகரத்துப் பாரதிராஜா அதற்கு முன் எடுத்த இரண்டு படமும் கிராமம். இவருக்கு வயல்காட்டை விட்டால் ஒன்றும் தெரியாது என்று பேசினார்கள். 'சிகப்பு ரோஜாக்கள்' எடுத்து அந்த வாயை அடைத்தார். ரோஜாத் தோட்டத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு பூப் பறிக்கப் பயந்த பெண்களை எனக்குத் தெரியும். பண்ணைப்புரத்து இளையராஜாவின் பின்னணி இசைதான் அதில் பாதிப் பயம். இரண்டே வருடத்தில், 1980-இல், பாலு மகேந்திராவின் 'மூடுபனி' வந்தது. அதுவும் கொலைகாரன் கதை, அதுதான் ராஜாவுக்கு நூறாவது படம். நம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று அடிக்கும்போது தகரக் கூரை போடுகிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவருக்கு, எங்கே சத்தம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்று நானாக நினைத்துக்கொள்வேன். பிள்ளைகள் இணையத்தில் இருந்து கதவு கிறீச்சிடும் சத்தத்தை இறக்கி வைத்திருந்தார்கள். அது லண்டன் கதவு. நம் வீட்டுக் கதவு அப்படிக் கத்தாது என்று சொன்னேன். சிரித்தார்கள், ஆனால் மறுநாள் போனில் எங்கள் மாட்டுக் கொட்டகைப் படலைத் திறந்து மூடிப் பதிவு செய்துகொண்டு போனார்கள்.

அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது 'ஊமை விழிகள்' பற்றிச் சொன்னபோதுதான். 1986 ஆகஸ்ட் 15-இல் வந்த படம். அதை எடுத்தவர்கள் சினிமாக் கம்பெனிகளில் எடுபிடியாக இருந்து மேலே வந்தவர்கள் இல்லை, மாணவர்கள். சென்னைத் திரைப்படக் கல்லூரி, தரமணியில் இருந்தாலும் எல்லோரும் அடையாறு என்றே சொல்வார்களே, அங்கே படித்தவர்கள். கதையும் தயாரிப்பும் ஆபாவாணன், இயக்கம் அரவிந்தராஜ், ஒளிப்பதிவு ரமேஷ்குமார். அதுவரை அந்தக் கல்லூரியில் படித்தவர்களைக் கோடம்பாக்கம் பெரிதாக மதித்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கிவிடும். இந்தப் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் சினிமாஸ்கோப் என்று இறங்கினார்கள். நம் மதுரைக்காரர் விஜயகாந்த் அவர்களை நம்பி, அந்த வயதிலேயே நரைத்த தலையோடு போலீஸ் அதிகாரியாக நடித்தார். 'காதலிக்க நேரமில்லை'யில் ஆடிப்பாடிய ரவிச்சந்திரனை வில்லனாக்கினார்கள். அவரை மறந்துபோயிருந்த சனங்கள் தியேட்டரில் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள். 'யார் நீ?'யில் இருட்டில் ஓடிய ஜெய்சங்கர், இருபது வருடம் கழித்து இதில் பத்திரிகைக்காரர்.

நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆன வாத்தியார். நாங்கள் ஆறு ஆசிரியர்கள் சனிக்கிழமை ராத்திரிக் காட்சிக்குப் போய்விட்டு, திரும்பி வரும்போது ஒரே சைக்கிளில் இரண்டிரண்டு பேராக, யார் பின்னால் உட்கார்வது என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தோம். பின் சீட்டில் உட்கார யாருக்கும் தைரியமில்லை. அந்தப் படத்திலும் பேய் கிடையாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். காணாமல் போகிற பெண்கள், அதை மூடி மறைக்கிற பணம், அதைத் தோண்டுகிற பத்திரிகைக்காரர்கள். அவ்வளவுதான். ஆனாலும் பயம் போகவில்லை.

படம் ஓடியது. அதற்குப் பிறகு 'திரைப்படக் கல்லூரி மாணவர்' என்பது போஸ்டரில் போடுகிற பெருமையானது. பிற்பாடு தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' மாதிரி குறும்படப் போட்டி வந்து, அதிலிருந்து மதுரைப் பையன் கார்த்திக் சுப்புராஜ் 2012-இல் 'பீட்சா' எடுத்தாரே, அந்தப் பாதைக்கு முதல் கல் போட்டவர்கள் 1986-இன் பிள்ளைகள்தான் என்பது என் கணிப்பு. யாராவது மறுத்தால் கீழே எழுதுங்கள், வாதாடலாம்.

இதையெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் என் பேத்தி அவர்களுடைய திட்டத்தை விரித்தாள். முதல் படத்தில் கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து: 'தேனி மாவட்டத்தில் நடந்த உண்மைச் சம்பவம்'. அடுத்த படத்தில் ஒரு கிணறு. அதற்கடுத்து கிணற்றிலிருந்து ஏறி வருகிற ஒரு கை.

கிணற்றை வரைந்த பையன் நன்றாகவே வரைந்திருந்தான். பம்புசெட் அறை, பக்கத்தில் ஒற்றைப் புளியமரம், பின்னால் மலை. எந்தக் கிணறு என்று கேட்கவே தேவையில்லை. ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். சுற்றுவட்டாரத்தில் பலருக்குத் தெரியும். 1990-களின் தொடக்கத்தில் அந்தக் கிணற்றில் ஒரு பெண் இறந்தாள். வயது பத்தொன்பது. எப்படி, எதனால் என்று எழுத எனக்கு மனமில்லை. பிள்ளைகளுக்கு அது யாரோ சொன்ன கதை. எனக்கு அப்படி இல்லை. அவள் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். வருகைப் பதிவேட்டில் அவள் பேரை தினம் இரண்டு வேளை வாசித்திருக்கிறேன்.

சொன்னேன். நால்வரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் பேத்தி விடவில்லை. அவள் அப்படித்தான், என் தங்கை மாதிரி. "தாத்தா, நாங்க அந்த அக்காவ மோசமா காட்டலையே. அவுங்களுக்கு நடந்த அநியாயத்தத்தான சொல்றோம். காஞ்சனா பாத்தீங்கள்ல? அதுல பேய்தான நல்லது, ஆளுகதான கெட்டவங்க" என்றாள்.

நியாயமான பேச்சு. 2011-இல் ராகவா லாரன்ஸ் எடுத்த 'காஞ்சனா'வில், நிலத்தைப் பறிக்க வந்தவர்களால் கொல்லப்பட்ட ஒரு திருநங்கைதான் பேயாக வருகிறாள். சிரிப்புக் காட்டிச் சிரிப்புக் காட்டி அந்த ஒரு அரைமணி நேரத்தில் தியேட்டரையே அழ வைத்தார்கள். தமிழ்ப் படத்தில் பேயாக வருகிறவர்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள். பெண், ஏழை, ஊர் ஒதுக்கியவர். இருக்கும்போது பேச விடாதவர்கள்தான் செத்த பிறகு பேசுகிறார்கள். அதை நான் ஒத்துக்கொண்டேன். ஆனால் காஞ்சனா கற்பனை. அவளுக்கு ரேஷன் கார்டு கிடையாது, தங்கச்சி கிடையாது. கிணற்றுக்காரிக்கு இரண்டும் உண்டு. தங்கச்சி இன்றைக்கும் அதே ஊரில் இருக்கிறார்.

அமெரிக்காவில் 1999-இல் 'பிளேர் விட்ச் புராஜெக்ட்' என்று ஒரு படம் வந்தது. எடுத்த இரண்டு பேரும் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர்கள். கதையும் மாணவர்களைப் பற்றியதுதான். மூன்று சினிமா மாணவர்கள் ஒரு சூனியக்காரியைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் காட்டுக்குள் போய்க் காணாமல் போகிறார்கள். அவர்கள் விட்டுச் சென்ற வீடியோதான் படம். அதை நிஜம் என்றே விளம்பரம் செய்தார்கள். இணையதளம், 'காணவில்லை' சுவரொட்டி, எல்லாம். நடித்த பெண்ணின் அம்மாவுக்கு, மகள் இறந்துவிட்டாள் என்று நினைத்து அனுதாபக் கடிதம் வந்ததாம். கதை நடப்பதாகச் சொன்ன பர்கிட்ஸ்வில் என்பது நிஜமான சின்ன ஊர். சூனியக்காரியைத் தேடி வந்தவர்கள் ஊரின் பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். படம் கோடி கோடியாகச் சம்பாதித்தது. ஊருக்குக் கிடைத்தது திருடு போன பலகை. நம் ஊர்க் கிணற்றுக்கு இன்றைக்கு யூடியூப்காரர்கள் வர எத்தனை நாளாகும் என்று கேட்டேன். கிணற்றை வரைந்த பையன், "ஒரு வாரம் போதும் சார்" என்றான்.

அப்புறம் அவர்களுக்குக் கண்ணகியைச் சொன்னேன். கூடலூருக்கு மேலே மலையில் மங்கலதேவி கோயில் இருக்கிறது, வருடத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும் போக விடுவார்கள். பளியங்குடி வழியாக நான் இரண்டு தடவை ஏறியிருக்கிறேன், இனி முழங்கால் விடாது. மதுரையை எரித்துவிட்டு வைகைக் கரையோடு மேற்கே நடந்தவள் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் மலையேறினாள் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. பாண்டியன் வாசலில் அவள் நின்ற கோலத்தை நினைத்துப் பாருங்கள். விரித்த தலை, புழுதி படிந்த உடம்பு, கண்ணீர், கையில் ஒற்றைச் சிலம்பு. வாயில்காப்போன் நடுங்கிப்போய் அரசனிடம் ஓடி, கொற்றவையோ காளியோ என்று அடுக்குகிறான். பின்னால் ஒரு வயலின் மட்டும் சேர்த்தால் அதுதான் டிரெய்லர். ஆனால் அரசன் அவளைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி, நீ யார் என்பது. அவள் ஊரைச் சொல்லி, புருஷன் பேரைச் சொல்லி, தன் பேரையும் சொல்கிறாள். இளங்கோவடிகள் அவளைப் பேராக விட்டார், பேயாக விடவில்லை. உங்கள் டிரெய்லரில் அவளுக்குப் பேர் உண்டா என்று கேட்டேன். இல்லை. ஒரு கை மட்டும்தான்.

பேரைப் போட்டால் இன்னும் மோசம் என்று அவர்களுக்கே தெரிந்தது. சரி, தங்கச்சியிடம் கேட்டுவிடுவோம் என்று பேத்திதான் சொன்னாள். நான் கூட்டிக்கொண்டு போனேன். அந்தம்மா கோபப்படவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்கக்கா பேயா வர்றதா இருந்தா மொதல்ல என்னையப் பாக்கத்தான வந்திருக்கும்? முப்பது வருசமா வாசக் கதவத் தொறந்துதான் வச்சிருக்கேன், வரலையே பாப்பா" என்றார். அதற்கு மேல் அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பேத்தி ஸ்டோரிபோர்டிலிருந்து முதல் மூன்று தாளைக் கிழித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே எறியவில்லை.

பிறகு வேறு இடம் தேடினார்கள். ஒரு பையன் முல்லைப் பெரியாறு அணையைச் சொன்னான். 1887 முதல் 1895 வரை அங்கே கட்டுமான வேலை நடந்தபோது மலேரியாவிலும் காட்டு வெள்ளத்திலும் நம் ஆட்கள் கொத்துக் கொத்தாகப் போனார்கள். கல்லறைகளும் அங்கே உண்டு. பென்னி குவிக்குக்கு லோயர் கேம்ப்பில் மண்டபம் இருக்கிறது, கல் சுமந்தவனின் பேர் எங்கே இருக்கிறது என்று அவன் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது கேரள வனத்துறை எல்லை, கேமராவோடு உள்ளே விட மாட்டார்கள். அதை அவன் கட்டுரையாக எழுதட்டும்.

கடைசியில் முடிவானது டூரிங் டாக்கீஸ். திரை கிழிந்து, கூரை போய், கீற்றுக்கொட்டகைக் கம்பம் மட்டும் நிற்கிற ஓர் இடம். ராத்திரியில் அங்கே படம் ஓடுகிற சத்தம் கேட்கிறது. மணல் தரையில் யாரோ உட்கார்ந்து எழுந்த குழி. காலையில் ஊரெல்லாம் ரோஸ் கலர் நோட்டீஸ் கிடக்கிறது. யார் வீசினார்கள் என்று தெரியாது. நோட்டீஸை எடுத்துப் பார்க்கிறவனின் பேர்தான் நடிகர் வரிசையில் முதலில் அச்சாகியிருக்கிறது. நல்ல யோசனை, முழுக்க அவர்களுடையது. 'உண்மைச் சம்பவம்' என்ற வரியை எடுத்துவிட்டார்கள்.

இப்போது உங்களிடம் ஒரு உதவி. பழைய பட நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், பிலிம் சுற்றி வைக்கும் தகர டப்பா, புரொஜக்டரில் எரிக்கும் கார்பன் குச்சி, மண்ணெண்ணெய் லாந்தர், எது வீட்டுப் பரணில் கிடந்தாலும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். டிக்கெட்டின் அடிக்கட்டை இருந்தால் இன்னும் விசேஷம். எடுத்த பொருளைப் பத்திரமாகத் திருப்பித் தருவதற்கு நான் பொறுப்பு. கொட்டு அடிக்கத் தெரிந்த, அறுபதைத் தாண்டிய யாராவது சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். மாட்டு வண்டி கிடைத்துவிட்டது. மாடு ஒன்றுதான் இருக்கிறது, ஜோடிக்கு இன்னொன்று வேண்டும். படப்பிடிப்பு அடுத்த சனி, ஞாயிறு. மதியச் சாப்பாடு நம் வீட்டில்.